ராகு காலத்தில் வீடு பார்த்தவர்

டீச்சர் வீடு பார்க்கப் போவது ராகு காலத்தில்தான். ஊரில் யாரும் நல்ல காரியத்துக்கு வாசல் தாண்டாத அந்த ஒன்றரை மணி நேரத்தில், குடையும் கைப்பையும் ஒரு விடைத்தாள் கட்டுமாக, வீடு விற்கிறவர் வாசலில் போய் நிற்பார். வீட்டுக்காரர் சுவர்க் கடிகாரத்தை நிமிர்ந்து பார்ப்பார்.

“ராகு காலமாச்சேம்மா.”

“அட, ஆமால்ல?” என்று டீச்சரும் தன் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். “அப்ப முடியட்டுங்க. அப்புறமா பாப்போம். நான் பாட்டுக்கு இப்பிடி உக்காந்திருக்கேன்.”

வந்தவரை, அதுவும் ஒரு டீச்சரை, வெயிலில் திருப்பி அனுப்ப யாருக்கும் மனம் வராது. நாற்காலி போடுவார்கள். போட்ட இடத்தில் அவர் உட்கார மாட்டார். “அங்கிட்டுக் காத்து வரும் போலருக்கே” என்று நாற்காலியைத் தானே தூக்கிப்போய், அடுப்படியும் பின்வாசலும் கண்ணில் படுகிற இடமாகப் பார்த்துப் போட்டுக்கொள்வார். பிறகு கட்டைப் பிரித்து, சிவப்புப் பேனாவை எடுத்துத் திருத்த ஆரம்பிப்பார். கால் மணி நேரத்தில் அந்த வீட்டார் அவரை மறந்துவிடுவார்கள். பேப்பர் திருத்துகிற டீச்சரை யார் கவனிப்பார்கள்? சத்தம் போட்டுப் பேசுவார்கள். மோட்டார் போடுவார்கள், அது ஓடாது, திட்டுவார்கள். பக்கத்து வீட்டுக்காரி சுவருக்கு மேலே தலையை நீட்டி ஏதாவது கேட்பாள். ராகு காலம் முடிந்ததும் வீட்டுக்காரர் அறை அறையாகக் காட்டுவார். அதற்கு டீச்சருக்கு ஐந்து நிமிடம் போதும்.

அந்த விடைத்தாள் கட்டு ஏற்கெனவே திருத்தி முடித்த கட்டு. அதைக் கண்டுபிடித்தவன் நான். எந்தப் பொருளையும் எண்ணிப் பார்க்காமல் என்னால் இருக்க முடியாது. ஒருநாள் ஆசிரியர் அறை மேசையில் கிடந்ததை எண்ணிப் பார்த்தேன். முப்பத்தெட்டுத் தாள், ஏதோ ஒரு வருஷத்துக் காலாண்டுத் தேர்வு. சில தாள்களில் சரி என்று போட்ட குறியின் மேலேயே நாலைந்து தடவை போட்டு, தாள் கிழிகிற நிலையில் இருந்தது. “எந்த வருஷத்துப் பிள்ளைங்க டீச்சர் இதெல்லாம்?” என்று கேட்டேன். “இதுல ஒண்ணுக்குக் கல்யாணமே ஆயிருச்சு சார்” என்றார்.

நாங்கள் இருவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தோம். நான் கணக்கு, அவர் அறிவியல். எனக்கு நாலைந்து வயது இளையவர். ஆவூர்ப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பம். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. டவுனில் ஒரு வீட்டின் பின்கட்டில் வாடகைக்கு இருந்தார். கூடப் பிறந்தவர் ஒரே தம்பி. அவர் சிங்கப்பூரில், அவர் மனைவியும் பிள்ளைகளும் இலுப்பூருக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில். எங்கள் பள்ளியில் யார் வீடு வாங்குவதாக இருந்தாலும், வக்கீலிடம் பத்திரத்தைக் கொடுப்பதற்கு முன்னால் டீச்சரிடம் ஒரு வார்த்தை சொல்வது வழக்கமாகியிருந்தது. அவர் கூட வருவார், அல்லது தானே போய்ப் பார்த்துவிட்டு வருவார். டீத்தண்ணிக்கு மேல் எதுவும் வாங்கிக்கொள்ள மாட்டார்.

வீட்டுக்காரர்கள் சிலர் கேட்டிருக்கிறார்கள். “நீங்க வேதக்காரவுகதானே? ஒங்களுக்கு ஏதும்மா ராகு காலம்?”

“எனக்கு இல்லங்க. வீட்டுக்கு இருக்குமில்ல?”

எந்த நாள் போவது என்பதிலும் அவருக்கு ஒரு கணக்கு உண்டு. “வெயிலப் பாக்கணும்னா வெயாழக்கெழமை, ஆளப் பாக்கணும்னா ஞாயித்துக்கெழமை” என்பார். வியாழக்கிழமை ராகு காலம் ஒன்றரைக்கு ஆரம்பிக்கிறது. மே மாத விடுமுறையில் அந்த நேரம் ஒரு வீட்டில் உட்கார்ந்தால், மேல்தளம் எப்படிப்பட்டது என்று தலை சொல்லிவிடும். ஞாயிற்றுக்கிழமை நாலரை முதல் ஆறு. வீட்டில் எல்லாரும் இருப்பார்கள்.

எங்கள் ஓவிய ஆசிரியர் இலுப்பூரில் ஒரு வீட்டுக்கு முன்பணம் கொடுக்கிற கட்டத்தில் இருந்தார். ‘வீட்டுக்குள்ளேயே நல்ல தண்ணீர்க் குழாய், தினமும் வரும்’ என்று சொல்லியிருந்தார்கள். டீச்சர் ஞாயிற்றுக்கிழமை போய் உட்கார்ந்தார். ஐந்து மணிக்கு வெளியே யாரோ ஒருத்தி, “யக்கா, தண்ணி விட்டுட்டான்!” என்று கத்திக்கொண்டு ஓடினாள். வீட்டுக்கார அம்மா டீச்சரை மறந்து, இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாகக் குடத்தை எடுத்துக்கொண்டு தெருமுனைக்குப் பறந்தார். திரும்பி வந்தபோதுதான் டீச்சர் உட்கார்ந்திருப்பது ஞாபகம் வந்து வாசலிலேயே நின்றுவிட்டார். டீச்சர் எழுந்துபோய் ஒரு குடத்தை வாங்கி இறக்கி வைத்தார். “எனக்கும் இதே கததாங்க” என்றார். அவ்வளவுதான். அந்த வீட்டில் அதைப் பற்றி வேறொன்றும் பேசவில்லை.

கண்டதைச் சொல்வதிலும் அவருக்கு அளவு இருந்தது. வாங்குகிறவரிடம் மட்டும் சொல்வார். வாங்கு, வாங்காதே என்று பெரும்பாலும் சொல்ல மாட்டார். பள்ளி எழுத்தர் மணமேல்குடியில், கடலுக்குக் கிட்டத்தில், ஒரு வீட்டைப் பார்த்தபோது கூடப் போய்வந்து சொன்னது இது: “நல்ல காத்து. தாராளமா வாங்குங்க. ஆனா இரும்பு பீரோ மட்டும் வாங்கிப்புடாதீங்க. அவுக வீட்டு பீரோ, கீழ கால் இல்லாம நிக்கிது.” எழுத்தர் வாங்கினார். மர அலமாரி செய்துகொண்டார்.

தரகர்களுக்கு டீச்சரைக் கண்டால் ஆகாது. திருக்கோகர்ணத்துத் தரகர் ஒருவர் என்னிடமே சொன்னார். “மத்தவுகள்லாம் வீட்டப் பாத்துட்டுப் போவாக சார். இந்தம்மா குடியிருந்துட்டுல்ல போகுது!”

இத்தனை வீடு பார்க்கிறீர்கள், நீங்கள் ஏன் ஒன்று வாங்கவில்லை என்று எல்லாரும்தான் அவரைக் கேட்டோம். “பாத்துக்கிட்டுதான சார் இருக்கேன்” என்பார்.

நான் வீடு வாங்க வேண்டிய நேரம் வந்தது. ஓய்வு பெற்ற பிறகு மாடி வீடு ஒன்றில் வாடகைக்கு இருந்தோம். என் மனைவிக்கு முழங்கால் தேய்ந்துவிட்டது. காய்கறி வண்டி வந்தால் இறங்க முடியாது. மேலிருந்து கூடையைக் கயிற்றில் விடுவாள். தரையோடு தரையாக ஒரு வீடு வேண்டும் என்பதைத் தவிர அவள் வேறொன்றும் கேட்கவில்லை. நான் கேட்டவை அதிகம். பேருந்துச் சத்தம் கூடாது, மேற்கு வெயில் கூடாது, சாக்கடை கூடாது, கல்யாண மண்டபம் பக்கத்தில் கூடாது. ஒரு வருஷம் அலைந்தோம். பதினாறு வீடு பார்த்தேன். பதினாறிலும் ஏதோ ஒன்று.

பதினேழாவது திருக்கோகர்ணத்தில். கோயிலுக்கு நடந்து போகிற தூரம், ஆனால் தெரு அமைதி. வாசலுக்கு ஒரே ஒரு படி. ஜன்னல்களையும் குழாய்களையும் எண்ணி முடித்தபோது எனக்கே குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. மாடியில் காலியாக ஒரு சிறிய பகுதி. சொந்தக்காரர் நாற்பது வயதுக்காரர், கடை வைத்திருந்தார். தொழிலைத் திருச்சிக்கு மாற்றப் போவதாகச் சொன்னார். வில்லங்கம் பார்த்தாயிற்று. பத்திரம் அவர் பேரில் சுத்தமாக இருந்தது. நான் முதலில் பார்த்தது ஒரு சனிக்கிழமை காலை. அவர் மட்டும் வந்து பூட்டைத் திறந்து காட்டினார். மனைவி பிள்ளைகளோடு அம்மா வீட்டுக்குப் போயிருப்பதாகச் சொன்னார். மனைவியையும் டீச்சரையும் அழைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றேன். “ஞாயித்துக்கெழம வேணாம் சார், அடுத்த சனிக்கெழமையே வாங்களேன்” என்றார்.

அதை டீச்சரிடம் சொன்னேன். “ஞாயித்துக்கெழம வேணாம்னாரா?” என்று கேட்டுக்கொண்டார். “அப்ப ஞாயித்துக்கெழமைதான் சார் போகணும்.”

நாலரை மணிக்குப் போய் நின்றோம். சொந்தக்காரர் முகம் ஒரு கணம் மாறியது, பிறகு சிரித்தார். உள்ளே திரும்பி, “இந்தா, சாரும் டீச்சரும் மேல் வீட்டப் பாக்க வந்திருக்காக, டீ போடு” என்றார். மேல் வீடு என்று அவர் சொன்னதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ராகு காலம் முடியட்டும் என்று டீச்சர் சொன்னதும் அவருக்கு மறுக்க வழியில்லை. டீச்சர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அடுப்படி வாசலுக்குப் போனார். என் மனைவியும் அங்கேயே போய் உட்கார்ந்தாள். சற்று நேரத்தில் சொந்தக்காரருக்கு ஒரு போன் வந்து, பேசிக்கொண்டே தெருவுக்குப் போய்விட்டார்.

அந்தப் பெண்ணுக்கு முப்பத்தைந்து வயது இருக்கலாம். டீ கொடுத்துவிட்டுப் பின்பக்கம் போய் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்தாள்.

“தென்னம்புள்ள புதுசா வச்சிருக்கீங்களா?” என்றார் டீச்சர், தாளிலிருந்து தலையைத் தூக்காமல்.

“ஆமா டீச்சர், போன வாரந்தான். எங்க ஆத்தா வீட்டுலேருந்து கொண்டாந்தேன். நெட்ட ரகம். காய்க்க ஆறேழு வருசம் ஆகுமாம். இவுக சிரிக்கிறாக.”

“எதுக்குச் சிரிக்கிறாரு?”

“யாரு இருந்து திங்கப்போறான்னு கேக்குறாக. நான் இல்லாட்டி எம்புள்ளைக திங்கிது, இதுல என்ன சிரிப்பு?” பிறகு என் மனைவியின் காலைப் பார்த்துவிட்டுக் கேட்டாள். “ஏங்க்கா, முட்டி இப்பிடி வீங்கியிருக்கே, மேல் வீட்டுக்கு எப்பிடி ஏறி எறங்குவீங்க? வாடகைக்கு வர்ற நீங்க கீழ் வீடா பாத்தாத்தான நல்லது?”

என் மனைவி வாயைத் திறந்தாள். டீச்சர் பேனா மூடியைக் கீழே போட்டு, “அத எடுங்களேன்” என்றார். என் மனைவி உட்கார்ந்தபடியே குனிந்து எடுத்தாள். பேச்சு அதோடு நின்றது. கூடத்தில் இருந்த எனக்கும் கேட்டது. தன் வீடு விற்பனைக்கு வந்திருப்பது அந்தப் பெண்ணுக்குத் தெரியாது.

ஆறு மணி ஆகும்வரை டீச்சர் திருத்திக்கொண்டே இருந்தார். அந்த நேரம் முழுக்க நான் என் மனைவியின் முழங்காலையும் வாசலின் ஒற்றைப் படியையும் பற்றி நினைத்துக்கொண்டிருந்தேன். கணவன் மனைவிக்குள் ஆயிரம் இருக்கும், பேசிச் சரி செய்துகொள்வார்கள் என்றும் நினைத்தேன்.

சொந்தக்காரர் உள்ளே வந்தார். “முடிஞ்சிருச்சு, வாங்க சார், மேல போயிப் பாத்துருவோம்.”

டீச்சர் கட்டை மடக்கி நூல் கட்டினார். “வீட்டம்மாவே காட்டட்டுங்க. வாங்குறவுக மொதல்ல அடுப்படியத்தான பாக்கணும்?”

எப்போதும் போன்ற குரல்தான். தெரிந்து சொன்னாரா, ஒரு நொடி தவறிவிட்டாரா என்று நான் அவரைக் கடைசிவரை கேட்கவில்லை. கண்டதை விற்கிறவர் வீட்டில் வாய்விட்டுச் சொல்லாத ஆள் அவர். தவறிச் சொல்லியிருக்க மாட்டார், தெரிந்துதான் சொன்னார் என்று நினைக்கிறேன்.

“வாங்குறவுகளா?” என்றாள் அந்தப் பெண். டீச்சரைப் பார்த்துக் கேட்கவில்லை. கணவனைப் பார்த்துக் கேட்டாள்.

“உள்ள போ” என்றார் அவர்.

அவள் போகவில்லை. டீத் தம்ளர்களை ஒன்றில் ஒன்றாக அடுக்கி ஓரமாக வைத்தாள். புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு, “வாங்க, காட்டுறேன்” என்றாள். காட்டினாள். “இது அடுப்படி. பொகை வெளிய போகாது. இந்தக் கொழாயில தண்ணி நூலாட்டம் வரும். இது பெரிய ரூம்பு. அந்தா, அந்த மூலையில ஒழுகும். மழைன்னா ராத்திரி பூரா சட்டி வைக்கணும்.”

நான் அந்த மூலையைப் பார்த்தேன். சனிக்கிழமையே நன்றாகப் பார்த்த மூலை. சுண்ணாம்பு அடித்து நாலைந்து வருஷம் ஆகியிருக்கும். ஒரு கறை இல்லை, ஒரு விரிசல் இல்லை. சொந்தக்காரர், “என்னடி ஒளர்ற?” என்றார்.

டீச்சர் அந்த மூலையை அண்ணாந்து பார்த்தார். “ஆமா,” என்றார், “ஒழுகுந்தான் போல.”

தெருவுக்கு வந்ததும் என்னிடம் சொன்னார். “பத்திரம் சுத்தம். வீடு ஒழுகாது. கொழாயில நல்லாத் தண்ணி வருது. இதுக்கு மேல ஒங்க இஷ்டம் சார்.” ஆட்டோவில் ஏறியதும் என் மனைவி சொன்னாள். “நான் அந்த அடுப்படியில நின்னு சோறு பொங்க மாட்டேன்.” இரண்டு நாள் கழித்து சொந்தக்காரர் போன் செய்து விலையைக் குறைத்தார். அவள் பதில் மாறவில்லை.

எனக்கு டீச்சர் மேல் வருத்தம்தான். அவர் ஒரு வார்த்தை பேசாமல் இருந்திருந்தால் என்று பல நாள் கணக்குப் போட்டிருக்கிறேன். அடுத்த வருஷம் வேறொரு வீடு வாங்கினோம். வாசலுக்கு ஆறு படி. மழைத்தண்ணீர் வரும் என்று தூக்கிக் கட்டியிருக்கிறார்கள். என் மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறுவாள், ஒவ்வொரு படிக்கும் நின்று. ஒருநாளும் குறை சொன்னதில்லை. அவளுக்கும் சேர்த்து நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

திருக்கோகர்ணத்து வீடு தை மாதத்தில் விலை போய்விட்டது. வாங்கினவர், டீச்சரைக் குறை சொன்ன அதே தரகரோடு நல்ல நேரத்தில் வந்து, ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு முன்பணம் கொடுத்தாராம். டவுன் பஸ்ஸில் அந்தப் பக்கம் போனபோது இறங்கி நடந்து போய், பின்பக்கம்வரை பார்த்தேன். டீச்சரின் பின்கட்டு வீட்டுக்கே போய் அதைச் சொன்னேன். நாம் விட்டுவிட்டு வந்ததால் அந்தப் பெண்ணுக்கு என்ன லாபம் என்று கேட்கத்தான் போனேன்.

“தென்னம்புள்ள?” என்றார் டீச்சர்.

“பின்பக்கம் பூரா சிமெண்ட் போட்டுட்டாங்க. கார் நிக்குது.”

அவர் எழுந்து அடுப்பைப் பற்றவைத்தார். டீ போட்டுக் கொடுத்தார். அதற்குப் பிறகு யார் கூப்பிட்டும் அவர் வீடு பார்க்கப் போகவில்லை. இங்கிலீஷ் வாத்தியார் வந்து கெஞ்சியபோது, “எனக்குக் கண்ணு செரியாத் தெரியல சார்” என்றார். கண்ணாடியே போடாதவர் அவர்.

டீச்சர் ஓய்வு பெற்ற வருஷம், அவர் வீடு வாங்கிவிட்டார் என்று எழுத்தர் போனில் சொன்னார். எங்கே என்றேன். தம்பி வீட்டைத்தான் என்றார். சிங்கப்பூரில் இருந்த தம்பி அங்கேயே வேறொரு குடும்பமாகிவிட்டார். ஊர் வீட்டை விற்றுப் பணத்தை அனுப்பச் சொல்லிவிட்டார். ஆள் வந்து அளந்துவிட்டுப் போயிருக்கிறது. டீச்சர் தம்பிக்குப் போன் செய்து, நானே வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். பத்திரம் பதிகிறவரை அந்த வீட்டுக்குள் காலே வைக்கவில்லையாம். “கேட்டேன் சார், ஒரு தடவ போயிப் பாக்க வேணாமான்னு. பாத்தா கொறதான் தெரியும், வாங்க முடியாது, தம்பி பொண்டாட்டி உள்ள இருக்கான்னாங்க” என்றார் எழுத்தர்.

நான் போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை. இலுப்பூரில் பஸ் மாறி, இறங்கி நடந்து போய்ச் சேரும்போது நாலரை தாண்டிவிட்டது. டீச்சர் வாசலுக்கு வந்து பார்த்துவிட்டு, “வாங்க சார். ராகு காலத்துலல்ல வந்திருக்கீங்க!” என்று சிரித்தார். தம்பி மனைவி உள்ளேயிருந்து, “யாரு மதினி?” என்று கேட்டாள். “எங்க கணக்கு சார். வீட்டப் பாக்க வந்திருக்காரு.”

நாற்காலி போட்டார்கள். போட்ட இடத்திலேயே உட்கார்ந்தேன். மேற்கு வெயில் ஜன்னல் வழியாகக் கட்டில்வரை வந்தது. பக்கத்து வீட்டுச் சாக்கடை இந்த வீட்டுச் சுவரை ஒட்டித்தான் ஓடியது. தரை வாசல் பக்கம் சாய்ந்திருந்தது. கீழே உருண்ட வெங்காயம் ஒன்று தானாகவே நிலைப்படிவரை போனது. சுவர் விரிசல்களை எண்ண ஆரம்பித்து, பாதியில் விட்டுவிட்டேன். டீச்சர் தரையில் உட்கார்ந்து கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். தம்பி மனைவி அடுப்படிக்கும் பின்வாசலுக்குமாகப் போய்வந்தாள். போகும்போதும் வரும்போதும் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அளக்க வந்த ஆளை அவள் பார்த்திருக்கிறாள் அல்லவா?

முந்தின இரவு மழை பெய்திருந்தது. கட்டிலுக்குத் தலைமாட்டில், மூலையில், ஒரு சில்வர் குண்டான் இருந்தது. முக்கால்வாசி தண்ணீர். மேலே காரையில் பெரிய ஈரம்.

“என்ன சார், பாத்தாச்சா?” என்றார் டீச்சர்.

தம்பி மனைவி அடுப்படி வாசலில் கரண்டியோடு நின்றுவிட்டாள்.

“பாத்துட்டேன் டீச்சர். நல்ல வீடு” என்றேன். “ஒழுகுற மாதிரித் தெரியல.”

டீச்சர் குண்டான் பக்கம் திரும்பவில்லை. ஒரு கத்தரிக்காயை எடுத்துக் காம்பை அரிந்தார்.

“ஆமா,” என்றார், “ஒழுகாது.”